பாலத்தில் எத்தனை அடி?

காலையிலிருந்து ஏழாவது தடவையாகப் போன் அடித்தபோதே கிளார்க்கம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, அந்த ஆள்தான்.

"மேடம், பாலத்துல இப்ப எத்தனை அடி?"

"கால் மணி முன்னாடி சொன்னதுதான். பத்தரை."

"ஏறுதா, இறங்குதா?"

"அதை ஆத்தைத்தான் கேக்கணும்" என்று ரிசீவரை வைத்தாள்.

மழை பிடித்து ஒன்பது நாள். வெள்ளக் கண்காணிப்பு ஆபீசில் மேனேஜரும் அவளும்தான். மேனேஜர் கரையைப் பார்க்கிறேன் என்று ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். பாலத்துக் காவலாளி தூணில் போட்டிருக்கும் அளவைப் பார்த்து அவள் செல்போனுக்குச் சொல்வார். அவள் அதைக் கரும்பலகையில் எழுதி, கேட்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஒரு தடவை கேட்டு விட்டுவிடுவார்கள். இந்த மனுஷர் மட்டும் மூச்சுக்கு முந்நூறு தடவை. எரிச்சலில் அவருக்கு 'எத்தனையடியார்' என்று பட்டமே கொடுத்திருந்தாள்.

போன் தொல்லை போதாதென்று, மழை இல்லாத மாதங்களில் வீடு, மனை வாங்கப் பார்க்கிறவர்கள் நேரில் வேறு வருவார்கள். இந்த இடத்தில் எப்போதாவது தண்ணீர் வந்திருக்கிறதா, அந்த வீட்டில் வந்திருக்கிறதா என்று நச்சரிப்பார்கள். அறுபது வருஷத்து வெள்ளக் கணக்கு ஒரு தடிப் பதிவேட்டில் இருக்கிறது. அது கெட்டுப்போகக் கூடாதென்று யாரோ பீரோ உச்சியில் தூக்கி வைத்துவிட்டார்கள். ஆளுக்கு ஆள் ஏறி இறங்க அவள் இடுப்பென்ன இரும்பா. முக்கால்வாசிப் பேருக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொல்லி அனுப்பிவிடுவாள்.

எட்டாவது தடவை போன் அடித்தது. ரிசீவரை எடுத்து மேஜையிலேயே கிடத்திவிட்டு, நிம்மதியாக டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

அரை மணி நேரத்தில் ஆளே வந்து நின்றார். கம்பி முறிந்த குடை, முழங்கால் வரை சேறு.

"போன் கிடைக்கலை, அதான் வந்தேன். எத்தனை அடி மேடம்?"

குரலைக் கேட்டதும் அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. டிபன் பாக்ஸை மூடினாள்.

"உங்க வீடு எங்க இருக்கு?"

"தண்ணித் தொட்டித் தெரு."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊரிலேயே மேடான தெரு அது. சுவரில் மாட்டியிருந்த வரைபடத்துக்கு முன்னால் அவரைக் கூட்டிப்போய் நிறுத்தினாள். வெள்ளம் வரும் இடமெல்லாம் சிவப்பு, வராத இடம் பச்சை. தண்ணித் தொட்டித் தெரு பச்சைக்கும் உச்சியில் இருந்தது.

"உங்க வாசல் நனையணும்னா முதல்ல இந்த ஆபீஸ் முழுகணும். அப்புறம் ஆஸ்பத்திரி மொட்டை மாடி முழுகணும். அதுக்கப்புறம்தான் உங்க முறை சார். அதுவரைக்கும் என் உயிரை வாங்காதீங்க."

அவர் கோபிக்கவில்லை. ஈர விரலைச் சிவப்பில், ஆற்று வளைவில் வைத்தார்.

"எனக்காகக் கேக்கலை. இந்த வீட்டுக்காகக் கேக்கறேன். போன வருஷம் வரைக்கும் இது என் வீடு."

பாலத்தில் பன்னிரண்டு அடி வந்தால் அந்த வீட்டு வாசலில் தண்ணீர் ஏறிவிடும் என்றார். பதினாலு வருஷத்துக்கு முன்னால் வந்த வெள்ளத்தில் கூடத்தில் மார்பளவு நின்றதாம். சுவரெல்லாம் கறை. வீட்டை விற்கும்போது அந்தக் கறையின் மேல் இரண்டு கோட்டிங் பெயிண்ட் அடித்து மறைத்திருக்கிறார். வாங்கியது ஒரு இளம் தம்பதி, கைக்குழந்தை வேறு.

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள்லாம் மனுஷங்கதானா? பச்சைக் குழந்தை இருக்கிற குடும்பத்தைக் கூசாம ஆத்துல தள்ளிட்டு வந்து, எத்தனை அடின்னு கணக்கு கேக்கறீங்க."

"எனக்கும் ராத்திரி தூக்கமில்லை மேடம்."

"தூங்காம இருந்து என்ன புண்ணியம்? போய்ச் சொல்ல வேண்டியதுதானே?"

அப்போது செல்போன் அடித்தது. பாலத்துக் காவலாளி. பதினொன்றேகால், வேகமாக ஏறுகிறது என்றார். முக்கால் மணியில் முக்கால் அடி. இன்னும் முக்கால் மணியில் பன்னிரண்டு. கணக்குப் போட்டுப் பார்த்ததும் அவருக்கு வாசலைக் காட்டினாள்.

"இன்னும் இங்க நின்னுட்டு இருக்கீங்களே. ஓடுங்க. அவங்களை வெளிய கூட்டிட்டு வாங்க."

"நேத்தே போனேன். பெயிண்ட் அடிச்சதைக்கூடச் சொல்லிட்டேன். என் வீட்டுல ரெண்டு ரூம் காலி பண்ணி வச்சிருக்கேன், வாங்கன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். அந்தத் தம்பி நம்பலை. மிரட்டி வீட்டைத் திரும்ப வாங்கிக்கப் பாக்கறீங்களான்னு சிரிக்கிறார்."

"இதுல என்ன சிரிப்பு அவருக்கு?"

அவர் தயங்கினார். முறிந்த குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"வாங்கறதுக்கு முன்னாடியே அந்தத் தம்பி இங்க வந்து விசாரிச்சாராம். அந்த வீட்டுக்குத் தண்ணி வந்ததா எந்தப் பதிவும் இல்லைன்னு ஒரு மேடம் உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிட்டாங்களாம். இப்பவும் அவங்க வந்து சொன்னாத்தான் நம்புவேங்கிறார். அவங்களைக் கூட்டிட்டுப் போகவும்தான் வந்தேன்."

கிளார்க்கம்மா நாற்காலியைப் பீரோவுக்கு அருகில் இழுத்துப் போட்டு ஏறினாள். தூசியோடு பதிவேட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.