யார் பேரில்

வர்தியா பெரிய மரத்தட்டைத் தூக்க முடியாமல் தூக்கிவந்து, என் டிக்கெட் கூண்டுக்குப் பக்கத்தில் கிடக்கும் ரோமாபுரிக் காலத்துக் கல் சவப்பெட்டியின் மேல் வைத்தாள்.

துணியை விலக்கியதும் ஆவி பறந்தது. கூஸ்கூஸ், வேகவைத்த கோதுமை ரவை. மேலே ஆட்டுக்கறி, கொண்டைக்கடலை. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு மரக்கரண்டிகள்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு.

வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் எல்லார் வீட்டிலும்தான் வேகும். ஆனால் இவ்வளவு பெரிய தட்டில் வெளியே கொண்டுவந்து, போகிறவன் வருகிறவனையெல்லாம் கூப்பிட்டுக் கரண்டியைக் கையில் கொடுத்தால் அது செத்தவர் பேரில் தர்மம். நாற்பதாம் நாளே செய்திருக்க வேண்டியது. இவள் பதினோரு மாதம் இழுத்தடித்துவிட்டாள்.

போன அக்டோபரில் ஒரு விடியற்காலை, எங்கள் கடலோர ஊர் திப்பாஸாவின் ஏழு பையன்கள் நான் டிக்கெட் கொடுக்கும் இந்த ரோமாபுரி இடிபாடுகளுக்குள் புகுந்து, தூண்களைத் தாண்டிக் கீழே இறங்கி, சின்னக் கடற்கரையிலிருந்து ஸ்பெயினுக்குப் படகெடுத்தார்கள். வெளிக்கதவுச் சாவி என் வீட்டு ஆணியில்தான் தொங்கும். பூட்ட மறந்துவிட்டேன் என்று போலீசில் எழுதிக் கொடுத்தேன்.

மூன்று உடல்கள் கரை ஒதுங்கின. வர்தியாவின் மகன் யூபா அந்த மூன்றில் இல்லை.

அன்றிலிருந்து வெள்ளி தவறாமல் வருவாள். பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்து எனக்கும் ஒரு கப் ஊற்றிவிட்டு, கல்லில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சும்மா இருக்கமாட்டேன். என் வாய் அப்படி.

"கடல் திருப்பிக் குடுக்குமுன்னா ரோமாபுரிக்காரன் என்னத்துக்கு இங்க இத்தனை சவப்பெட்டி செதுக்கினான்? தட்டு ஒண்ணு போட்டுரு வர்தியா, மனசு ஆறும்."

"உங்க வேலையப் பாருங்கண்ணே."

பார்த்தேன். டிக்கெட் கிழித்தேன். சட்டைப்பையில் எனக்கு இரண்டு போன். ஒன்று ஆபீசுக்கு. இன்னொன்றுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. ஆனாலும் தினமும் சார்ஜ் போட்டுவிடுவேன்.

இன்று தலைநகர் அல்ஜியர்ஸிலிருந்து வந்த கூட்டம் நெரிந்தது. ரப்பர் வளையம், குடை, தர்பூசணி என்று மூட்டை முடிச்சோடு கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கல்யாணப்பெண் வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உடைந்த தூணின் மேல் நின்று போட்டோவுக்குச் சிரித்தாள். பார்க்க எரிச்சலாக இருந்தது.

"நீங்க மொதல்ல எடுங்கண்ணே," என்று வர்தியா ஒரு கரண்டியை நீட்டினாள்.

ஊரறிந்த சாவுக்கு யார் பேரில் என்று கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. "அல்லாஹ் அவன் பிழை பொறுக்கட்டும், அவனுக்குச் சொர்க்கத்தைத் தரட்டும்," என்று சொல்லிவிட்டு வாய் நிறையப் போட்டுக்கொண்டேன். கறி பதமாக வெந்திருந்தது.

பாவம், கடைசியில் ஒத்துக்கொண்டுவிட்டாளே என்று துக்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

வர்தியா அழத் தொடங்கினாள்.

"யூபா பேசினாண்ணே. நேத்து. ஸ்பெயின்லதான் இருக்கான்."

மெல்லுவதை நிறுத்திவிட்டேன்.

"உனக்கென்ன பைத்தியமா? உசுரோட இருக்கிறவன் பேர்லயா தட்டு போடுவாங்க?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக இருந்த கரண்டிகளையே மறுபடி மறுபடி நேராக்கினாள்.

"இத்தனை மாசமா ஏன்டா ஒரு வார்த்தை பேசலன்னு கேட்டேன். பேசினா இதையும் சொல்லணுமேம்மான்னு அழறான். படகு கவுந்தப்போ மிதவை ஒண்ணுதான் இருந்துச்சாம். 'நீ புடிச்சுக்க, உனக்கு அம்மா இருக்கா'ன்னு சொல்லி இவன் கையில திணிச்சுட்டானாம்."

மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க வீட்ல ஆக்கிப்போட ஆளில்லயேண்ணே. அதான் நானே செஞ்சு எடுத்துட்டு வந்தேன்."

வாயில் இருந்ததை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அம்மா இருக்கிறாள் என்று யூபாவைப் பார்த்துச் சொன்னவனுக்கு, தனக்கு ஒரு அப்பன் இருக்கிறான் என்று தோன்றவே இல்லையா?

கீழிருந்து ஒருவர் ஏறி வந்தார். தலை ஈரம், இடுப்பில் ஒரு குழந்தை. வர்தியா நீட்டிய கரண்டியை வாங்கிக்கொண்டார். வெளியூர்க்காரர். அதனால் கேட்டார்.

"யார் பேர்லம்மா இது?"

வர்தியா திரும்பி என்னைப் பார்த்தாள்.

அந்த ஒரு வாயை எப்படியோ விழுங்கினேன்.

"மாசின்," என்றேன். "என் மகன்."