ஞாயிற்றுக்கிழமைப் பேய்ப்படம்

ரிமோட் கை தவறியதில் கணவனின் முகத்தை அழுத்திவிட்டாள் கலைமகள்.

வீட்டில் படம் பார்க்க இருவருக்கும் ஒரே கணக்குதான். திறந்ததும் டிவியில் இரண்டு பொம்மை முகங்கள் வரும். பச்சை அவளுடையது. மஞ்சள், பாரீஸுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கும் இளம்பரிதியுடையது.

மஞ்சள் முகத்துக்குள் முதல் படமாக அதுதான் நின்றது. பாழடைந்த பங்களா, ஜன்னலில் ஒரு கிழவி. கீழே சிவப்புக் கோடு கடைசிவரை ஓடியிருந்தது.

இன்று பிற்பகல் போனில் பேசிக்கொண்டே இருவரும் சேர்ந்து பார்ப்பதற்காக அவள் தேடித் தேடி எடுத்த படம். புதன்கிழமை பெயரை அனுப்பியபோது பார்த்ததே இல்லை என்று சொன்னான்.

பார்த்திருக்கிறான். முழுசாகப் பார்த்திருக்கிறான்.

ஆனால் பேய்ப்படத்தைத் தனியாகப் பார்க்கிற ஆளா இளம்பரிதி? லாஸ்பேட்டையில், இதே சோபாவில், இசை கொஞ்சம் மாறினாலே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வான். பிடி என்றால் உடும்புப்பிடி. ஒருமுறை கண்ணாடி வளையல் உடைந்து ரத்தமே வந்துவிட்டது. அதிலிருந்து, பெயர் போடும்போதே அவள் வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டு, கையை அவன் மடியில் வைத்துவிடுவாள். எடுத்துக்கோ என்பதுபோல.

பிடிக்க ஒரு கை இல்லாமல் அவன் எந்தப் பேய்ப்படத்தையும் முடித்ததில்லை. அப்படியென்றால் இது யார் கை?

ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தையல்நாயகி.

இதே ஊர், குருசுக்குப்பத்துப் பெண். அங்கே அவன் இருக்கும் கட்டடத்தில் மேல் மாடி. அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாளாம். பெயரைக் கேட்டு ஐம்பது வயதிருக்கும் என்று நினைத்து, பாவம் நல்ல மனுஷி என்று கலைமகளும் பாராட்டி வைத்தாள். பொங்கல் விழாப் புகைப்படம் வந்தபோதுதான் தெரிந்தது, முப்பதைத் தாண்டாத முகம். அந்த ரசம் இன்றுவரை கலைமகளின் தொண்டையைவிட்டு இறங்கவில்லை.

இப்போது எல்லாம் விளங்கியது.

அவன் போன புதிதில் இப்படிச் சேர்ந்து பார்த்த முதல் படத்துக்கே அவள் ஆடிப்போய்விட்டாள். தனி வீடு. கொல்லைப்பக்கம் காய்ந்த துணியை எடுக்கக்கூடப் போகப் பயம். விசா வரும்வரை எப்படித் தள்ளுவது என்று அவனிடம் அழுதாள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, பேய் வருவதற்குச் சற்று முன்பே போனில் அவன் குரல் வந்துவிடும், கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி. ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. என் புருஷனுக்கு எப்படித்தான் தெரிகிறதோ என்று பூரித்துக் கிடந்தாள்.

பூரித்தாளாம். அந்தத் தையல்நாயகியோடு உட்கார்ந்து முதலில் பார்த்துவிட்டு, மிச்சத்தை இவளுக்குப் போடுகிறான்.

சண்டே மார்க்கெட்டில் வாங்கிய திரையை இழுத்து வெயிலை மறைத்தாள். போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்தாள். அழைப்பு வந்தது. அங்கே இன்னும் காலைதான். ஈரத் தலையோடு சிரித்தான்.

"வேற படம் பாக்கலாங்க," என்றாள், அவன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

சிரிப்பு போய்விட்டது. "வேணாம் கலை. சொன்ன படத்தையே பாக்கலாம்."

பதறுகிறான்.

"சரி, போன தள்ளி வைங்க. ரூம் முழுக்கத் தெரியட்டும். மூஞ்சிய மட்டும் பாத்தா நீங்களே பேய் மாரி இருக்கீங்க."

எங்கோ உயரத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். ஒரு கட்டில், கொடியில் ஒரு துண்டு, மேசையில் ஒரே ஒரு காபிக் கோப்பை. இரண்டாவது கோப்பையைத் தேடினாள். இல்லை. கழுவி வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று எண்ணி, இங்கும் அங்கும் ஒன்றாக அழுத்தினார்கள். பெயர் ஓடியது. பழக்கதோஷத்தில் வளையல்களை ஏற்றிவிட்டாள். கையை வைக்கத்தான் மடியில்லை.

அவள் படத்தைப் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிவியில் மாடிப்படி முனகியது.

"கண்ண மூடிக்க," என்றான்.

அவள் மூடவில்லை. டிவி அலறியது. அந்தப் பக்கம் திரும்பவும் இல்லை.

போனில் இளம்பரிதியின் கண்கள் இறுக மூடியிருந்தன. உதடுகள் சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தன, வாய்ப்பாடு ஒப்பிக்கிற பையனைப்போல. எண்ணி முடித்து, தன் கண்ணைத் திறக்காமலேயே, "இப்ப தொறந்துக்க" என்றான்.

அவன் பக்கத்தில் யாரும் இல்லை.

வலது கை, அவனுடைய இடது மணிக்கட்டையே பிடித்து நெரித்துக்கொண்டிருந்தது. கல்யாணத்தில் அவள் அப்பா போட்ட தொளதொள வாட்சை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டிருந்தான்.

அவளுக்காக முன்பே இப்படித் தனியாகப் பார்த்து, பேய் வரும் இடத்தை எண்ணி வைத்திருக்கிறான். ரசம் தொண்டையைவிட்டு இறங்கியது. தையல்நாயகி நல்ல மனுஷிதான்.

ஆனால் பொறாமை போகவில்லை. இத்தனை நாளும் தன் கை பார்க்கவேண்டிய வேலையைப் பார்த்திருக்கிறது அந்த இடது கை. கலைமகள் அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.