ஒரு வரி கூடுதல்

"கத்தாத கலின்! நான் யாரையும் பாத்து எழுதல!"

"அப்ப நான்தான் திருடினேங்கிறியா, ஸோர்னி?"

சோபியா நகரில் கணினி முதுகலை படிக்கும் இருவரும் சேர்ந்து எழுதிய நிரல், பழைய மாணவர் ஒருவருடையதோடு வரிக்கு வரி ஒத்துப்போயிருந்தது. காப்பியடித்தவரைப் படிப்பைவிட்டே நீக்கிவிடுவார்கள். கலின் பெயரைச் சொல்லிவிடுவதென்று ஸோர்னி பேராசிரியையின் அறை வாசலிலேயே முடிவு செய்திருந்தாள், யாரிடமும் சொல்லவில்லை.

பேராசிரியை பழைய நிரலைத் திரையில் திறந்தார். தேதி 1998. அப்போது இருவரும் பிறக்கவே இல்லை. வரிகளுக்கிடையே, கணினி கண்டுகொள்ளாத குறிப்புகளாக, ஸோர்னி போன வாரம் கலினுக்கு எழுதிய கேலிகள்கூட அப்படியே இருந்தன. கடைசியில் மட்டும் ஒரு வரி கூடுதல்: 'மன்னிச்சிடு கலின், உன் பேரத்தான் சொன்னேன்.'

கலின் அதை இரண்டு முறை படித்தான்.

"இத எப்ப எழுதப்போற, ஸோர்னி?"