மண் வாங்காத குழி

போன நிலநடுக்கத்தில் மணல் கூழாகி, பொறியாளரின் அக்காவை வீட்டோடு விழுங்கிவிட்டது. இனி எந்த வீடும் அப்படிப் புதையக் கூடாதென்று, அதே நிலத்தில் வரிசையாகக் குழி துளைத்து, ஜல்லி கொட்டி இறுக்கிக்கொண்டிருந்தார் அவர். ஒன்றைத் தவிர எல்லாக் குழிகளும் இறுகிவிட்டன. அதில் கொட்டிய ஜல்லி மட்டும் மறுநாள் காலையில் ஈரத்தோடு மேலே குவிந்து கிடந்தது.

“மூணு தடவை ஆச்சு சார். மண்ணு வாங்கவே மாட்டேங்குது,” என்றார் இயந்திரம் ஓட்டுபவர்.

பொறியாளர் குழியருகே மண்டியிட்டார். “போதும்க்கா, விட்டுடு. இங்க ஜனங்க குடிவரணும்,” என்று கெஞ்சினார்.

அடுத்த காலையில் குவியல் இல்லை. குழி ஓர் ஆள் இறங்குமளவு அகன்றிருந்தது. உள்ளே ஜல்லிக்கற்களை யாரோ படிகளாக அடுக்கியிருந்தார்கள்.

பொறியாளர் காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முதல் படியில் கால் வைத்தார்.