சிரிப்பு முடிந்த பிறகு

சிவகாசிக் கடையில் ஏழு டிஜிட்டல் கேமராக்களை ஆராய்ந்து, விலை குறைந்ததே சிறந்தது என்ற முடிவுக்குக் கதிரவன் வந்திருந்தான். தங்கை வேல்விழியைப் பெண் பார்க்கச் சாத்தூர்க்காரர்கள் வந்த அன்று அதற்கு வெள்ளோட்டம்.

அவர்கள் போன பிறகு, கேமராவின் சின்னத் திரையில் படங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

“திரி வச்ச வெடி கணக்கால்ல இருக்கு! அமுக்கி ஒரு நொடி கழிச்சுத்தான் எடுக்குது. எல்லாரும் சிரிச்சு முடிச்ச பெறகு படம் விழுகுது.”

“மத்தபடி நல்லாருக்கா அண்ணே?”

“பெருசாக்கினா மூஞ்சி தெரியுது, அம்புட்டுத்தான். ஆனா மாப்பிள்ளை தங்கம் தாயி! ஒரு சொல்லு அதிர்ந்து பேசலையே. நாளைக்குச் சம்மதம்னு போன் பண்ணிருவோம்.”

வேல்விழிக்கும் மறுப்பில்லை. அடக்கமான பெண் தரையைத்தான் பார்க்க வேண்டும் என்பதால், மாப்பிள்ளையின் பத்துக் கால்விரல்களையும் அவள் நன்றாக அறிவாள். முகத்தையும் பார்த்துவைப்போமே என்று கேமராவை வாங்கிப் பெரிதாக்கினாள்.

மாப்பிள்ளை முகத்தில் சிரிப்பு கழன்றிருந்தது. போட்டோவுக்கு நிற்கையில் தன்மேல் இடித்துவிட்ட தன் தங்கையின் கையை, அவன் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தான். அந்தப் பெண் சத்தம் வராமல் பல்லைக் கடித்திருந்தாள். அவர்களின் அம்மா, தினமும் வரும் பஸ்ஸைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டிப் பார்த்த கதிரவன், கேமராவை வாங்கி இன்னும் பெரிதாக்கிப் பார்த்தான்.

“அவுககிட்ட என்ன தாயி சொல்லட்டும்?”

“படம் நல்லா விழுந்திருக்குன்னு சொல்லுண்ணே. வேற எடம் பாத்துக்கிடட்டும்.”