ஒரே ஒரு மத்தியான ஷோ

நாவலூர் கம்பெனியில் வேலை போனதை மனைவி சுபத்ராவிடம் கேசவன் இன்னும் சொல்லவில்லை. காலையில் அவள் கிண்டி ஆபீசுக்குக் கிளம்பியதும் இவனும் கிளம்பி, தாம்பரத்தில் ஏதாவது தியேட்டரில் போய் உட்கார்ந்துவிடுவான்.

வருடக் கடைசி ஞாயிறு.

"இந்த வருஷம் உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச படம் எதுங்க?"

"அந்தக் கலங்கரை விளக்கப் படம்தான். இன்னா கிளைமாக்ஸ்!"

"அதுவா? நம்ம ஏரியால திங்கக்கிழமை மத்தியானம் ஒரே ஒரு ஷோதானே போட்டாங்க? எப்படிப் பார்த்தீங்க?"

"ஆபீஸ்ல டீமோட கூட்டிட்டுப் போனாங்க."

"அளக்காதீங்க. தியேட்டர்ல மொத்தமே இருபது பேர்தான், இருட்டுல ஆளுக்கொரு மூலைல இருந்தோம்."

சொன்ன பிறகுதான் சுபத்ரா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கேசவன் மெதுவாகக் கேட்டான்:

"உன்னை எப்ப தூக்குனாங்க?"