சீட்டுக்கு அடியில் முறுக்கிய ஒயர்

சுற்றிலும் கரிசல் வெடித்துக் கிடக்க, பந்தல்குடி ரோட்டு மில்லுக்குள் மட்டும் புல் பச்சையாக நிற்கிறது. முருகலட்சுமி புல் வெட்டும் வண்டியில் உட்கார்ந்து ஓட்டிப் போகிறாள். மெக்கானிக் தவசி வேப்பமர நிழலில் நின்று கையில் ஒட்டிய கிரீஸைத் துடைக்கிறான். சீட்டை அழுத்தி வைக்க அவளுக்கு எடை போதாது. வண்டி குலுங்கிச் சீட்டு எழும்பும்போதெல்லாம் எஞ்சின் நின்றுவிடுகிறது என்று புலம்பினாள். ஆள் எழுந்தால் எஞ்சினை நிறுத்தும் சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் சற்றுமுன்தான் அவன் சேர்த்து முறுக்கினான். "இனி நிக்காது தாயி" என்று சொல்லி அனுப்பினான்.

தண்ணீர் பாய்ந்த மூலையில் ஈரப்புல் அடைத்து வண்டி திணறுகிறது. அவள் இறங்குகிறாள். பிளேடை நிறுத்தும் லீவரைத் தொடவில்லை. என்றைக்கும் தொட்டதில்லை, இறங்கினாலே எல்லாம் நின்றுவிடும். இன்று எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கிறது.

"அண்ணே, நிக்கவே இல்ல, பாத்தீகளா!"

தவசி துணியை எறிந்துவிட்டு ஓடுகிறான். "தாயி, பிளேடு சுத்துது! கைய உள்ள விட்றாத!"

எஞ்சின் சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். வளையல்களை மேலே தள்ளிவிட்டு, பிளேடுக்குப் பக்கத்தில் புல் அடைத்த வண்டியின் வாய்க்கு நேராகக் குனிகிறாள்.